தொழில்நுட்பத் தரநிலைப் பணிக்குழுவை முடித்துவைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழுத் தலைவர்கள், செயலர்கள், தரநிலை ஆவணத்தின் பதிப்பாசிரியர்கள் ஆகியோருக்காக எழுதப்பட்டது. ஒரு நெறிமுறையையோ கோப்பு வடிவத்தையோ எழுதி முடித்த குழு, அல்லது முடிக்க முடியாமல் நிற்கும் குழு, இனி என்ன ஆக வேண்டும் என்று பேச ஆரம்பித்தால் பேச்சு 'மூடலாமா, வேண்டாமா' என்பதையே சுற்றிச் சுற்றி வரும். குழு போன பிறகும் ஆவணம் இருக்கும், அதைப் பார்த்து மென்பொருள் எழுதுவோர் இருப்பார்கள், அவர்களுக்குச் சந்தேகம் வரும். அன்று யார் பதில் சொல்வார் என்பதுதான் தீர்மானிக்க வேண்டியது. கீழே உள்ள கேள்விகளில் பெரும்பாலானவை அதன் கிளைகள்தான்.

மூடும் நேரம் வந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது?

கூட்டத்துக்கு வருவோரின் தலையை எண்ணிச் சொல்லக் கூடாது. வேலை முடியும் தறுவாயில் உள்ள குழுவுக்கு ஐந்து பேர் வந்தால் போதும். வேலையே தொடங்காத குழுவில் நாற்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

மூன்று விஷயங்களைப் பாருங்கள். கடந்த 12 மாதங்களில் தரநிலையின் பொருளை மாற்றும் திருத்தங்கள் எத்தனை நுழைந்தன, அவற்றை எழுதியவர்கள் எத்தனை பேர்? திறந்து கிடக்கும் சிக்கல்களில் எத்தனைக்கு எதிரே 'உரையை நான் எழுதித் தருகிறேன்' என்று ஒரு பெயர் இருக்கிறது? அடுத்த பதிப்பு வந்தால் நடைமுறைப்படுத்துவோம் என்று ஒரு தயாரிப்பாளராவது சொல்லியிருக்கிறாரா?

திருத்தங்களை எண்ணும்போது எழுத்துப்பிழை, உடைந்த இணைப்பு, பக்க அமைப்பு மாற்றம் எல்லாவற்றையும் கழித்துவிடுங்கள். கழித்த பிறகு ஒரே ஆள் மிஞ்சினால், குழுவின் பெயரில் ஒருவர் தனியாக வேலை செய்துகொண்டிருக்கிறார் என்று பொருள். அது நல்ல வேலையாகவே இருக்கலாம். ஆனால் கருத்தொற்றுமையின் பேரில் வெளிவரும் ஆவணம் என்று அதைச் சொல்ல முடியாது.

இந்த மூன்றுக்கும் கிடைக்கும் விடைகள் 'வேலை முடிந்துவிட்டது', 'வேலை இருக்கிறது, ஆள் இல்லை', 'ஆளும் இருக்கிறது, உடன்பாடு இல்லை' என்ற மூன்று நிலைகளில் ஒன்றில் கொண்டுபோய் நிறுத்தும். எந்த நிலை என்று தெரியாமல் மூடும் பேச்சை எடுத்தால் ஒவ்வொருவரும் வேறு வேறு நோய்க்கு மருந்து சொல்வார்கள்.

மூடுவதைத் தவிர வேறு வழிகள் என்ன?

இணையப் பொறியியல் பணிக்குழுவான ஐஇடிஎஃப்பின் நடைமுறை ஆவணம், 1998இல் வந்த ஆர்எஃப்சி 2418 (ஆர்எஃப்சி என்பது எண்ணிட்டு வெளியாகும் இணைய ஆவணத் தொடர்), இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறது: சார்ட்டரில் சொன்ன வேலையைக் குழுவால் முடிக்க முடியாது என்று தெரிந்தால், சார்ட்டரை மாற்றி எழுதலாம், தலைவரை மாற்றலாம், அல்லது கலைக்கலாம். (சார்ட்டர் என்பது குழுவின் வேலை எது, எல்லை எது, காலக்கெடு எது என்று எழுதிக்கொடுக்கும் ஆணை.)

தலைவரை மாற்றுவது அந்தப் பட்டியலில் இருப்பது தற்செயலாக இல்லை. நின்றுபோன குழுக்களில் பல, தலைவருக்கு வேறு வேலை வந்துவிட்டதால் மட்டுமே நின்றவை. அவரிடம் நேரே கேட்டால் 'எப்போது கேட்பீர்கள் என்றுதான் காத்திருந்தேன்' என்பார். கலைக்கும் முன் இதை ஒருமுறை முயன்று பாருங்கள். செலவு ஒரு மின்னஞ்சல்.

இவை தவிர, பராமரிப்புக்கு மட்டும் என்று சார்ட்டரைச் சுருக்கலாம்; வேலையை வேறொரு குழுவிடம் ஒப்படைக்கலாம்; உறக்க நிலைக்கு அனுப்பலாம்.

உறக்க நிலை நல்ல தீர்வுதானே?

சில இடங்களில் நல்ல தீர்வு. உள்ளூர், பெருநகர வலையமைப்புத் தரங்களை எழுதும் ஐட்ரிபிள்ஈ 802 குழுமத்தில் வேலை முடிந்த பணிக்குழுவை உடனே கலைக்காமல் உறக்க நிலையில் வைக்கும் வழக்கம் உண்டு. பன்னாட்டுத் தர அமைப்பான ஐஎஸ்ஓவிலும் கையில் வேலை இல்லாத தொழில்நுட்பக் குழுவைப் பெயரும் எல்லையும் மாறாமல் காத்திருப்பு நிலையில் வைக்கலாம். இரண்டு இடங்களிலும் மேலே ஒரு தாய் அமைப்பு விழித்திருக்கிறது.

தாய் அமைப்பு இல்லாத சுயேச்சைக் குழுவில் உறக்கம் என்பது பெரும்பாலும் முடிவெடுக்கத் தயங்குவதற்கு வைத்த நாகரிகமான பெயர். அப்படித்தான் போக வேண்டுமென்றால் மூன்றை எழுதிவையுங்கள்: கேள்வி வந்தால் பதில் சொல்பவர் யார், அவர் விலகினால் அடுத்தவர் யார், எந்தத் தேதியில் மறுபரிசீலனை. அந்தத் தேதிக்குள் யாரும் எழுந்திருக்காவிட்டால் குழு தானாகக் கலைந்ததாகக் கொள்ளப்படும் என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் மூன்று வருடம் கழித்து, குழு இருக்கிறதா இல்லையா என்பதே ஒரு விவாதமாகிவிடும்.

முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்கு?

அமைப்புக்கு அமைப்பு மாறும். ஐஇடிஎஃப்பில் துறை இயக்குநர் குழுவைக் கலந்தாலோசித்து முடிவெடுப்பார். குழுவுக்கு அது ஏற்பில்லை என்றால் வழிகாட்டுக் குழுவான ஐஇஎஸ்ஜியிடம் முறையிடலாம். வலைத் தரங்களை எழுதும் டபிள்யூ3சியில் ஒவ்வொரு சார்ட்டருக்கும் முடிவுத் தேதி உண்டு. அதற்கு முன்பே மூட வேண்டுமானால் வளம் போதவில்லை அல்லது வேலை முன்கூட்டியே முடிந்தது என்ற காரணங்களின் பேரில் அமைப்பின் பணியாளர் குழு முடிவெடுக்கும், அதற்கும் மேல்முறையீடு உண்டு. ஐஎஸ்ஓவில் பணிக்குழுவின் கடைசித் திட்டம் வாக்கெடுப்புக் கட்டத்தைத் தாண்டியதும் மேல்குழு ஒரு தீர்மானத்தால் கலைத்துவிடும். திட்டத் தலைவர் மட்டும் வெளியீடு வரை ஆலோசகராக நீடிப்பார்.

சுயேச்சைக் குழுவாக இருந்தால் உங்கள் துணைவிதிகளைத் திறந்து மூன்று வார்த்தைகளைத் தேடுங்கள்: கலைப்பு, கோரம் (முடிவு செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை), வாக்குரிமை. நின்றுபோன குழுவில் மாட்டிக்கொள்ளும் இடம் கோரம்தான். கலைக்க மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர் வாக்கு வேண்டும் என்று விதி இருக்கும். அந்த உறுப்பினர்களில் பாதிப் பேரின் மின்னஞ்சல் முகவரியே செத்துப்போயிருக்கும். எனவே முதல் வேலை, வருகை விதிப்படி வாக்குரிமை இழந்தவர்களை முறையாக அறிவித்துப் பட்டியலிலிருந்து எடுப்பது. இதைக் கலைப்பு அறிவிப்புக்கு முன்பே செய்யுங்கள். பிறகு செய்தால் வாக்குப் பட்டியலைத் திருத்தி ஜெயித்ததாகப் பேச்சு வரும்.

உடன்பாடே வரவில்லை. இன்னும் ஒரு வருடம் முயலலாமா, விட்டுவிடலாமா?

இரு தரப்பும் தங்கள் வடிவத்தை ஏற்கனவே தயாரிப்புகளில் போட்டு விற்கத் தொடங்கிவிட்டார்களா என்று பாருங்கள். போட்டுவிட்டார்கள் என்றால் இன்னொரு வருடம் எதையும் மாற்றாது.

ஐட்ரிபிள்ஈ 802.15.3ஏ என்ற பணிப்பிரிவு இதற்குப் பாடப்புத்தக உதாரணம். மிக அகல அலைவரிசையில் குறுந்தொலைவு கம்பியில்லாத் தொடர்புக்குத் தரம் எழுத வந்தது. இரண்டு முன்மொழிவுகள் மிஞ்சின. ஒன்று வெல்ல 75 சதவீத வாக்கு வேண்டும். எந்தப் பக்கமும் அதை எட்டவில்லை, மற்றதைத் தடுக்கப் போதுமான வாக்கு மட்டும் இரு பக்கமும் இருந்தது. 2006 ஜனவரியில் திட்ட அனுமதியையே திரும்பப் பெறும்படி கேட்க பணிப்பிரிவு வாக்களித்தது. அதற்கு முன்பே, 2005 டிசம்பரில், ஒரு தரப்பின் வடிவம் எக்மா-368 என்ற பெயரில் வேறு அமைப்பில் தரநிலையாக வெளிவந்துவிட்டது. 75 சதவீத விதியில் 26 சதவீதம் வைத்திருப்பவருக்கு விட்டுக்கொடுக்க என்ன அவசரம்?

ஐஇடிஎஃப்பின் மாரிட் குழு இன்னும் வேகமாக முடிந்தது. அனுப்புநர் முகவரியைப் போலியாக்கும் மின்னஞ்சலைத் தடுக்க, டொமைன் பெயர்களின் விவரத்தைத் தரும் டிஎன்எஸ்ஸில் பதிவு வைக்கும் முறையை எழுத 2004 மார்ச்சில் தொடங்கியது. காப்புரிமை உரிமத் தகராறும் தொழில்நுட்ப வேறுபாடும் சேர்ந்து, அதே ஆண்டு செப்டம்பரில் மூடப்பட்டது. ஆறே மாதம்தான். அன்று பலருக்குக் கோபம். ஆனால் போட்டி வடிவங்கள் 2006 ஏப்ரலில் சோதனை நிலை ஆவணங்களாக, ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன என்ற எச்சரிக்கைக் குறிப்போடு வெளியாயின. தீர்ப்பைக் களத்துக்கு விட்டார்கள். களம் என்ன சொன்னது என்பது இந்தப் பக்கத்தின் கடைசிக் கேள்வியில் இருக்கிறது.

உடன்பாடில்லாமல் மூடும்போது இரு வடிவங்களையும் தேதியோடு உறையவைத்து, எதில் வேறுபட்டார்கள் என்று இரண்டு பக்கத்துக்கு மிகாமல் ஒரு குறிப்பு எழுதி, இரு தரப்பும் 'எங்கள் நிலையைச் சரியாகவே சொல்லியிருக்கிறது' என்று ஒப்புக்கொள்ள வையுங்கள். அதற்கு உடன்பாடு கிடைக்கும். யார் சரி என்பதற்குக் கிடைக்காது.

முடியாத வரைவை அப்படியே விட்டுவிடலாமா?

கூடாது. விட்டுவிட்ட வரைவு அழியாது, தேடுபொறியில் வாழும். ஐஇடிஎஃப் வரைவுகள் 185 நாளில் காலாவதியாகும், அந்தத் தேதி ஒவ்வொன்றின் தலைப்பிலும் எழுதியிருக்கும். ஆனாலும் காலாவதியான வரைவைப் பார்த்து எழுதிய நிரல்கள் உலகில் எத்தனையோ ஓடுகின்றன.

நிறுத்திய வரைவை நிறுத்தியதாகச் சொல்லி வெளியிடுவதுதான் முறை. டபிள்யூ3சியின் வெப் எஸ்கியூஎல் தரவுத்தள வரைவு 2010 நவம்பரில் இப்படித்தான் குறிப்பு ஆவணமாக வெளியிடப்பட்டது. தரநிலையாக முன்னேற ஒன்றுக்கு மேற்பட்ட சுயேச்சையான நடைமுறைப்படுத்தல்கள் வேண்டும், ஆனால் நடைமுறைப்படுத்திய எல்லாரும் அடியில் எஸ்கியூலைட் என்ற ஒரே தரவுத்தள மென்பொருளையே வைத்திருக்கிறார்கள், அதனால் வேலை நின்றது என்று நிலைப் பகுதியிலேயே காரணம் எழுதப்பட்டது. இப்படி எழுதியும் குரோம் உலாவியிலிருந்து அது முழுக்க நீங்க 2023-24 ஆயிற்று. எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

'என்னைப் பின்தொடராதே' என்று உலாவி தளத்துக்குச் சொல்லும் டிஎன்டி தலைப்புக்கான குழுவும் அப்படியே: 2011இல் தொடங்கி, 2019 ஜனவரியில் குறிப்பாக வெளியிட்டு மூடியது. போதிய பயன்பாடு இல்லை, ஆதரிக்கும் திட்டமும் யாரிடமும் தெரியவில்லை என்பதே சொன்ன காரணம். அடுத்த மாதங்களில் சஃபாரி அந்த வசதியை எடுத்துவிட்டது. தெளிவான முடிவுரை இருந்ததால் நடைமுறைப்படுத்தியோருக்கும் வழி தெரிந்தது.

நிலைப் பகுதியில் எழுத வேண்டியவை: வேலை நின்ற தேதி, காரணம், எந்தப் பகுதிகள் கிட்டத்தட்ட முடிந்தவை, எவை கைவைக்கவே படாதவை, புதிதாக எழுதுவோர் இதற்குப் பதில் எதைப் பார்க்கலாம். 'இனி இதை நடைமுறைப்படுத்த வேண்டாம்' என்பதுதான் உங்கள் கருத்து என்றால் அதை அப்படியே, முதல் பத்தியில், சுற்றிவளைக்காமல் எழுதுங்கள்.

திறந்து கிடக்கும் பிழை அறிக்கைகளை என்ன செய்வது?

மொத்தமாக மூடாதீர்கள். மொத்தமாகத் திறந்தும் வைக்காதீர்கள்.

ஆர்எஃப்சி ஆவணங்களுக்கான பிழைப்பட்டியலில் பயன்படும் நான்கு நிலைகள் எந்தக் குழுவுக்கும் பொருந்தும்: பதிவானது, சரிபார்க்கப்பட்டது, நிராகரிக்கப்பட்டது, அடுத்த பதிப்புக்கு ஒத்திவைக்கப்பட்டது. மூடும் நாளன்று முதல் நிலையில் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது என்று இலக்கு வையுங்கள். சரிபார்க்கப்பட்டது என்றால், எழுதும்போதே குழு இதைத்தான் சொல்ல நினைத்தது, ஆவணத்தில் தவறாக விழுந்துவிட்டது. குழு அன்று நினைக்காத ஒன்றை இப்போது சேர்க்கச் சொல்வது ஒத்திவைப்பில் போகும், அது எவ்வளவு நல்ல யோசனையாக இருந்தாலும்.

உதாரணமாக ஒரு நீளப் புலம். உரையில் 'நீளம் 16 பிட்' என்கிறது, பக்கத்துப் படத்தில் 32 பிட் இடம் வரைந்திருக்கிறது. சோதனைத் தொகுப்பும் ஓடும் மென்பொருள்களும் 16ஐயே படிக்கின்றன என்றால் படம் பிழை. சரிபார்க்கப்பட்டது என்று குறித்து, சரியான படத்தைப் பிழைப்பட்டியலில் வையுங்கள். 65,535 பைட்டுக்கு மேல் அனுப்ப வழியில்லை என்பது வேறு அறிக்கை, அது ஒத்திவைப்பு. இரண்டையும் ஒரே இழையில் பேசவிட்டால் எளிதான முதலாவதும் சேர்ந்து தொங்கும். இந்த வேறுபாட்டைச் சொல்லக்கூடியவர்கள் எழுதிய ஆட்கள் மட்டுமே. அவர்கள் கலைந்த பிறகு வருபவர் ஊகிக்கத்தான் முடியும். மூடுவதற்கு முந்தைய கடைசி மூன்று கூட்டங்களையும் இதற்கே ஒதுக்குங்கள் என்று அடித்துச் சொல்வோம்.

வலைப்பக்கங்களைப் பரிமாறும் நெறிமுறையான எச்டிடிபி 1.1இன் ஆர்எஃப்சி 2616 வெளியானது 1999 ஜூன். தெளிவில்லாத இடங்களைச் சீராக்கும் புதிய குழு 2007இல் தொடங்கி, ஆறு ஆவணங்களாகப் பிரித்து வெளியிட 2014 ஜூன் ஆயிற்று. பழைய உரையில் ஒரு வாக்கியத்துக்கு இரண்டு அர்த்தம் எடுக்க இடமிருந்தால், உலகில் இரண்டு விதமாகவும் நிரல் எழுதியிருப்பார்கள் என்பதே அந்த வேலை நீண்டதற்கு முக்கிய காரணம்.

தரநிலையோடு எண்கள், பெயர்கள் அடங்கிய பதிவேடு இருக்கிறது. அது என்ன ஆகும்?

நடைமுறையில் அதிகச் சேதம் வரும் இடம் இதுதான். ஆவணம் உறைந்தாலும் பயன்படும், பதிவேடு உறைந்தால் பயன்படாது. புதிய குறியீட்டு எண் வேண்டும் என்று ஒருவர் விண்ணப்பிக்கிறார், பதில் வரவில்லை. அவர் காலியாக உள்ள ஏதோ ஒரு எண்ணை எடுத்துக்கொள்வார். இன்னொருவரும் அதே எண்ணை எடுப்பார். மோதிய பிறகு பிரிக்கவே முடியாது.

முதலில் பதிவுக் கொள்கையைப் பாருங்கள். இணைய எண்களை நிர்வகிக்கும் ஐயானாவுக்கான ஆர்எஃப்சி 8126 இவற்றை வகைப்படுத்துகிறது: முதலில் வந்தவருக்கு முதலில், நிபுணர் மதிப்பீடு, விவரக்குறிப்பு தேவை, ஐஇடிஎஃப் மதிப்பீடு, தரநிலை நடவடிக்கை என்று இறுகிக்கொண்டே போகும். உங்கள் பதிவேட்டில் 'குழுவின் ஒப்புதல் தேவை' என்று இருந்தால், குழு மறைந்த அன்றே கதவு பூட்டிக்கொள்ளும். மூடும் முன் அதை நிபுணர் மதிப்பீடாகவோ, எண் வெளி பெரியதென்றால் முதலில் வந்தவருக்கு என்றோ மாற்றுங்கள். 8 பிட் இடத்தில் 256தான் உண்டு. அங்கே நிபுணர் வேண்டும், சோதனைக்கென்று சில எண்களை ஒதுக்கவும் வேண்டும். 32 பிட் இடத்தில் கேட்டவருக்கெல்லாம் கொடுக்கலாம்.

நிபுணர் குறைந்தது இருவர், வேறு வேறு நிறுவனத்திலிருந்து. எத்தனை நாளில் பதில், பதில் இல்லாவிட்டால் யாரிடம் போவது, எந்தக் காரணத்துக்காக மறுக்கலாம் என்று அரைப் பக்கம் எழுதிக்கொடுங்கள். 'நன்றாக இருந்தால் ஏற்கவும்' என்பது வழிகாட்டல் ஆகாது.

பிறகு ஒவ்வொரு பதிவிலும் 'மாற்றும் உரிமையாளர்' நெடுவரிசையைப் பாருங்கள். அங்கே பணிக்குழுவின் பெயரோ தனிநபரின் அலுவலக மின்னஞ்சலோ இருந்தால் தாய் அமைப்பின் பெயருக்கு மாற்றுங்கள். ஒரு அட்டவணையில் ஒரு நெடுவரிசையை மாற்றும் வேலை. விட்டுவிட்டால் பின்னால் எந்தப் பதிவையும் திருத்த ஆளிருக்காது.

காப்புரிமை வாக்குறுதிகள் குழுவோடு போய்விடுமா?

எந்தக் கட்டத்தில் மூடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. குழுவை மூடுவது காப்புரிமைக் கொள்கையில் விளைவுகளை உண்டாக்கும் என்று டபிள்யூ3சியின் நடைமுறை ஆவணமே எச்சரிக்கிறது. 2004இன் கொள்கையில் உரிமக் கடப்பாடு இறுதிப் பரிந்துரையோடு (முடிந்த தரநிலைக்கு டபிள்யூ3சி வைத்த பெயர்) கட்டப்பட்டிருந்தது. 2020இன் திருத்தம்தான் பரிந்துரைக்கு முந்தைய கட்டத்துக்கும் அதை நீட்டியது. ஆக, கடைசிக் கட்டத்துக்கு ஒரு படி முன்னால் மூடுவதற்கும் அந்தப் படியைத் தாண்டி மூடுவதற்கும் நடைமுறைப்படுத்துவோருக்குக் கிடைக்கும் பாதுகாப்பில் பெரிய வித்தியாசம் இருக்கலாம். மூன்று மாதம் கூடுதலாக உழைத்தால் அந்தப் படியைத் தாண்டலாம் என்றால் உழைப்பதே நல்லது.

டபிள்யூ3சியின் சமூகக் குழுக்களில் பங்களிக்கும்போது ஒரு ஒப்பந்தம், இறுதி விவரக்குறிப்புக்கு இன்னொன்று. இந்த இரண்டாவதைக் கையெழுத்து வாங்காமலே கலைந்துவிடுவது எளிது. பங்களித்தவர் வேலை மாறிவிட்டால் பழைய நிறுவனத்தின் சட்டப் பிரிவில் இந்தக் கோப்பைத் தொடவே ஆள் கிடைக்க மாட்டார். கலைப்புக்கு முன் வாங்குங்கள். யார் யார் போட்டார்கள், யார் போடவில்லை என்ற பட்டியலையும் ஆவணத்தோடு வையுங்கள். போடாதவர் பட்டியல்தான் பிறகு வருபவருக்கு அதிகம் உதவும்.

பதிப்புரிமையும் இதே கதைதான். அடுத்து வரும் குழு உங்கள் உரையை எடுத்துத் திருத்தி வெளியிடலாம் என்ற அனுமதி எழுத்தில் இல்லையென்றால், அவர்கள் முதல் வரியிலிருந்து புதிதாக எழுத வேண்டியிருக்கும். இதில் உங்கள் அமைப்பின் வழக்கறிஞரைக் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள்.

இணையதளம், டொமைன், ஸ்கீமா கோப்புகள்?

ஆண்டுக்கட்டணம் கட்டாமல் டொமைன் போவதுதான் பொதுவான விபத்து. போன டொமைனை வேறு யாராவது வாங்குவார்கள். உங்கள் எக்ஸ்எம்எல் பெயர்வெளியோ (குறிச்சொற்கள் எந்தத் தரநிலையைச் சேர்ந்தவை என்று காட்டும் முகவரி) ஜேசன் ஸ்கீமாவோ (தரவு எப்படி அமைய வேண்டும் என்று சொல்லும் கோப்பு) அந்த முகவரியில் இருந்தால், அதைத் தானாக இறக்கிப் படிக்கும் நிரல்கள் அன்றுமுதல் அந்நியர் கொடுப்பதைப் படிக்கும். பெயர்வெளி வெறும் அடையாளம், யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை என்று சொல்பவர்களுக்கு ஒரு எண்: தன் டிடிடி, ஸ்கீமா கோப்புகளுக்கு ஒரு நாளில் 13 கோடி கோரிக்கைகள் வரை வருவதாக 2008இல் டபிள்யூ3சி வெளிப்படையாகவே புலம்பியது.

முதல் தேர்வு, நீண்ட ஆயுள் உள்ள அமைப்பிடம் டொமைனை ஒப்படைப்பது. நிலையான முகவரி தரும் பர்ல் சேவை 2016இல் இன்டர்நெட் ஆர்க்கைவுக்குக் கைமாறியது நல்ல முன்மாதிரி. அது முடியாவிட்டால் பொதுப் பெயர்களை அதிகபட்சமாக 10 ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம்; கட்டிவிட்டு, பதிவுக் கணக்கின் மின்னஞ்சல் அதே டொமைனில் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவது போன்ற இந்தத் தவறை விவரம் தெரிந்தவர்களே செய்கிறார்கள்.

மாறும் தளத்தை நிலையான எச்டிஎம்எல் பக்கங்களாக்கி வையுங்கள். பராமரிக்காத விக்கி சில மாதங்களில் விளம்பரக் குப்பையாகும்.

ரெப்போவும் சோதனைத் தொகுப்பும்?

கிட்ஹப்பில் ரெப்போவை (நிரலும் உரையும் இருக்கும் களஞ்சியத்தை) ஆவணக்காப்பு நிலைக்கு மாற்றினால் நிரலோடு சேர்த்துச் சிக்கல்களும் படிக்க மட்டும் என்றாகிவிடும். ஆகவே பிழை அறிக்கைகளை வகைப்படுத்திய பிறகே அந்தப் பொத்தானை அழுத்துங்கள். ரெப்போ தனிநபர் கணக்கில் இருந்தால் முதலில் அமைப்புக் கணக்குக்கு மாற்றுங்கள். அமைப்புக் கணக்குக்கு உரிமையாளர் இருவராவது வேண்டும். சோதனைத் தொகுப்பைத் தரநிலை ஆவணத்தின் எந்தப் பதிப்புக்கு எதிராக ஓட்டினீர்கள் என்று குறியிட்டு வையுங்கள், கடைசியாக எந்தச் சூழலில் ஓடியது என்பதையும்.

யாருக்கெல்லாம் அறிவிக்க வேண்டும்?

உங்கள் ஆவணத்தைக் கட்டாய மேற்கோளாகக் காட்டும் மற்ற தரநிலைகளின் குழுக்கள், தொடர்பு ஒப்பந்தம் உள்ள அமைப்புகள், பதிவேட்டை நடத்துவோர், தெரிந்த நடைமுறைப்படுத்துவோர். போதிய முன்னறிவிப்போடு: எக்ஸ்எச்டிஎம்எல் 2 குழுவின் சார்ட்டர் ஆண்டு முடிவில் புதுப்பிக்கப்படாது என்பதை 2009 ஜூலை 2ஆம் தேதியே டபிள்யூ3சி அறிவித்தது. ஆறு மாதம் எல்லாருக்கும் போதும்.

மொத்தம் எத்தனை நாள் ஆகும்?

ஆவணம் முடிந்த குழுவுக்கு மூன்று மாதம், முடியாத வரைவு உள்ளதற்கு ஆறு மாதம் என்று கணக்கு வையுங்கள். முதல் இரண்டு வாரம் கணக்கெடுப்பு: ஆவணங்கள், பதிவேடுகள், டொமைன்கள், கணக்குகள், கடவுச்சொற்கள், பணம் இருந்தால் பணம், ஒவ்வொன்றுக்கும் இன்றைய பொறுப்பாளர். அடுத்த ஆறு வாரம் பிழை அறிக்கைகளும் கையெழுத்துகளும். பிறகு தீர்மான வரைவைச் சுற்றுக்கு விட்டு இரண்டு வாரம் கருத்துக் கேட்பு. விடுமுறைக் காலத்தில் விடாதீர்கள். மிச்ச இரண்டு மூன்று வாரம் ஒப்படைப்புக்கு. பெற்றுக்கொண்டவர் தானே உள்நுழைந்து ஒரு சிறு மாற்றம் செய்து காட்டிய பிறகே ஒப்படைத்ததாகக் கணக்கு.

தீர்மானத்தை எப்படி எழுதுவது?

'குழு தன் பணியை நிறைவு செய்ததால் கலைக்கப்படுகிறது' என்ற ஒற்றை வரி போதாது. இந்த அளவு வேண்டும்:

> இந்தப் பணிக்குழு … தேதியுடன் கலைக்கப்படுகிறது. பதிப்பு 1.2 நடப்புத் தரநிலையாக நீடிக்கும். பதிப்பு 2.0 வரைவு நிறுத்தப்பட்டது. அதை நடைமுறைப்படுத்தக் குழு பரிந்துரைக்கவில்லை. பிழை அறிக்கைகளை … பெறுவார். பொருள் மாறாத திருத்தங்களை மட்டும் அவர் பட்டியலில் சேர்க்கலாம். பதிவேடு … நிர்வாகத்தில், நிபுணர் மதிப்பீட்டுக் கொள்கையுடன் தொடரும். டொமைன், ரெப்போ, சோதனைத் தொகுப்பு ஆகியவை … இடம் ஒப்படைக்கப்பட்டன. பதிப்பு 1.2இன் உரையை அடிப்படையாக வைத்துத் திருத்திய பதிப்பு வெளியிட எந்தக் குழுவுக்கும் அனுமதி உண்டு.

'பொருள் மாறாத திருத்தங்களை மட்டும்' என்ற சொற்களை எடுத்துவிடச் சொல்லி யாராவது கேட்பார்கள். விடாதீர்கள். குழு இல்லாதபோது ஒருவர் தனியாகத் தரநிலையை மாற்றும் கதவு அதுதான்.

பிற்காலத்தில் திரும்பத் திறக்க முடியுமா?

முடியும். பழைய குழுவை உயிர்ப்பிப்பதைவிடப் புதிய சார்ட்டரோடு புதிய குழு தொடங்குவதே சுத்தம். மாரிட் மூடிய பிறகு சோதனை நிலையில் வெளியான ஆவணங்களில் எது பயன்பாட்டுக்கு வந்தது என்று அளந்து பார்த்து, 2012 ஜூலையில் ஆர்எஃப்சி 6686 முடிவு எழுதியது: எஸ்பிஎஃப் பரவலாக இருக்கிறது, போட்டியாக வந்த சென்டர் ஐடி அப்படி இல்லை. அதற்கென்று அமைந்த புதிய குழு 2014 ஏப்ரலில் எஸ்பிஎஃப்பை ஆர்எஃப்சி 7208 என்ற முறையான தரநிலை ஆவணமாக வெளியிட்டது. பழைய ஆவணம் எஸ்பிஎஃப்புக்கென்றே தனி டிஎன்எஸ் பதிவு வகையும் வைத்திருந்தது. களத்தில் அது பிடிக்கவில்லை என்று தெரிந்ததால் புதிய ஆவணம் அதைக் கைவிட்டு, பொதுவான உரைப் பதிவான டிஎக்ஸ்டியை மட்டும் வைத்துக்கொண்டது.

புதிய குழு உங்களிடம் தேடி வந்தால் கேட்பது மூன்று: ஒத்திவைத்த பிழை அறிக்கைகள், நிராகரித்த யோசனைகளும் நிராகரித்த காரணமும், யார் எதை நடைமுறைப்படுத்தினார்கள் என்ற பட்டியல். மூன்றையும் ஒரே கோப்புறையில், பத்து வருடம் கழித்தும் திறக்கும் எளிய உரை வடிவில் வைத்துவிட்டுப் போங்கள்.